சார்த்தரா, காம்யுவா, கீர்க்ககார்டா, ஃப்ராங்கலா: வாழ்க்கைக்கு அர்த்தம் தேடுறவங்க யாரைப் பிடிக்கறது?

போன ரெண்டு மாசத்துல மூணு பேர் எங்கிட்ட ஒரே கேள்விய மூணு விதமா கொண்டு வந்தாங்க.

முதல் ஆளு மலேசியாவுல எங்க தாமான்ல, அதாவது வீடமைப்புப் பகுதியில, நாலு வீடு தள்ளி இருக்கற தம்பி. டிப்ளோமா முடிச்சிட்டு ஈப்போ பக்கம் ஒரு ஃபேக்டரில டெக்னீஷியனா இருக்கான், இப்ப சிங்கப்பூர்ல வேலை கெடச்சிருக்கு, ஆனா அம்மாவுக்கு வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், கூட்டிட்டுப் போறது கொண்டாறது எல்லாம் அவன்தான். "அக்கா, போனா நான் என்ன மகன், போகாட்டி நான் என்ன ஆளு"ன்னு கேட்டான். ரெண்டாவது பின் வீட்டு அத்தை, மாமா தவறி எட்டு மாசம் ஆச்சு, இன்னும் ரெண்டு பேருக்கு சோறு பொங்கறாங்க. மூணாவது எங்கப்பா. அவர் வாயத் தொறந்து எதுவும் கேக்கல. சுங்கை சிப்புட்ல ரப்பர் தோட்டத்துல நாப்பது வருஷம் பால் வெட்டுன மனுசன், தோட்டம் செம்பனைக்கு (பாம் ஆயில் மரத்துக்கு) மாறி லயத்த இடிச்சு எங்கள தாமானுக்கு அனுப்பி பதினோரு வருஷம் ஆச்சு, இன்னும் காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு வாசல்ல லைட்டு போடாம உக்காந்திருப்பாரு. பெரட்டுக்கு, அதான் விடியக்காலைல வேலைக்குப் பேர் கூப்பிடற எடத்துக்கு, போகணும்னு ஒடம்பு எழுப்பி விட்டுடுது, ஆனா பெரட்டு இல்ல. பால் வெட்டுற கத்திய பழைய துணில சுத்தி வச்சிருக்காரு, மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து கல்லுல தீட்டி கட்டைவிரலால ஓரத்தத் தொட்டுப் பாத்துட்டு திரும்பச் சுத்தி உள்ள வச்சிடுவாரு.

நான் பன்னெண்டு வருஷமா இருத்தலியல் படிக்கறேன், அதாவது மனுசனா இருக்கறதுன்னா என்ன, எப்படி வாழறதுன்னு கேக்கற தத்துவம். காலேஜ்ல படிச்சதில்ல, பகல்ல கணக்கு வேலை, ராத்திரில புத்தகம், அவ்வளவுதான். இத்தன வருஷத்துல எனக்குப் புரிஞ்ச ஒரு விஷயம், இருத்தலியல்னு ஒரே பேர்ல கூப்பிடறோமே தவிர இவங்க ஒவ்வொருத்தரும் வேற வேற கேள்விக்குத்தான் பதில் சொல்றாங்க. கேள்விய மாத்தி ஆளப் பிடிச்சா காயப்படுவோம். எங்கம்மா செத்த வருஷம் என் கையில இருந்தது சார்த்தர். பொணம் வீட்ல இருக்கு, நான் மூலையில உக்காந்துகிட்டு மனுசன் சுதந்திரமானவன்னு படிச்சிட்டிருந்தேன், ஒரு வரி கூட ஒட்டல, மூடி வச்சிட்டு ரெண்டு வருஷம் எந்தப் புத்தகத்தையும் தொடல. அந்த ரெண்டு வருஷம் வேற யாருக்கும் வேணாம்னுதான் இத எழுதறேன்.

## எதை வச்சு அளக்கறது

யாரு பெரிய ஆளுன்னு பாக்கப் போறதில்ல. நம்ம மாதிரி ஊர்ல இருக்கறவங்களுக்கு அஞ்சு விஷயம் போதும்.

முதல்ல, வேலை நாள் காலைல அது நிக்குமா. ராத்திரி படிக்கும்போது எல்லாமே நல்லாத்தான் இருக்கும், மறுநாள் ஃபேக்டரி பஸ் ஹார்ன் அடிக்கும்போது மனசுல எது மிச்சம் இருக்குங்கறதுதான் கணக்கு.

ரெண்டு, வீட்டுக்கு எடம் இருக்கா. நம்ம யாரும் தனி ஆளு இல்ல, அம்மா அப்பா, தங்கச்சி படிப்பு, கார் கடன் எல்லாம் சேந்துதான் நாம.

மூணு, சாமி கும்பிடறவங்களுக்கு ஆகுமா, கும்பிடாதவங்களுக்கு ஆகுமா.

நாலு, சாவு வீட்ல அத வச்சு ஒரு வார்த்தை பேச முடியுமா.

அஞ்சாவது நான் அப்புறமா சேத்தது, எங்கப்பாவாலதான், அது ஏன்னு காம்யு பத்தி சொல்லும்போது வரும்: அநியாயத்த சகிச்சுக்கிட்டு இருன்னு சொல்லுதா, இல்ல எந்திரிக்க விடுதா.

## சார்த்தர்: முடிவு எடுக்க வேண்டியவங்களுக்கு

ழான் பால் சார்த்தர், 1905ல பொறந்து 1980ல போனவர், பாரிஸ்காரர். 1943ல வந்த அவரோட பெரிய புத்தகத்துல ஆரம்பிக்காதீங்க, பாதியில நின்னுடுவீங்க. 1945 அக்டோபர்ல பாரிஸ்ல ஒரு பேச்சு பேசினாரு, இருத்தலியல் ஒரு மனிதநேயம்னு, மறு வருஷம் சின்னப் புத்தகமா வந்துச்சு, அது போதும்.

அதுல ஒரு பேப்பர் வெட்டுற கத்திய உதாரணம் காட்டுவாரு. கத்தி செய்யறவன் எதுக்குன்னு தெரிஞ்சுதான் செய்யறான், அதனால கத்திக்கு முதல்ல நோக்கம், பொறகுதான் கத்தி. மனுசனுக்கு அப்படி இல்ல, முதல்ல வந்து நிக்கறான், பொறகு தான் யாருன்னு தானே செஞ்சுக்கறான். இத எங்கப்பா கத்தியோட சேத்து வச்சு யோசிச்சப்பதான் எனக்கு ஒறச்சுது. மரம் போச்சுன்னா அந்தக் கத்திக்கு வேலை இல்ல, சரி. ஆனா அப்பா கத்தி இல்லையே. நாப்பது வருஷம் தோட்டம் அவர கத்தி மாதிரியே வச்சிருந்துச்சு, அவரும் அதையே தன்னோட பேரா எடுத்துக்கிட்டாரு.

அதே பேச்சுல ஒரு மாணவன் கதை வருது. போர்க் காலம், அண்ணன 1940ல ஜெர்மன்காரங்க தாக்கினப்ப சாகக் குடுத்தாச்சு, அப்பா அம்மாவோட ஒத்துப் போகல, அம்மாவுக்கு இருக்கறது இவன் ஒருத்தன்தான். இங்கிலாந்துக்குத் தப்பிச்சுப் போயி சுதந்திர ஃப்ரெஞ்சுப் படையில சேரணுமா, அம்மா கூட இருக்கணுமா. சார்த்தர்கிட்ட வந்து கேக்கறான். எந்த வேதமும் எந்த தத்துவமும் இதுக்கு பதில் வச்சிருக்கல, நீ சுதந்திரமானவன், தேர்ந்தெடுன்னு சொல்லி அனுப்பிடறாரு. கூடவே ஒண்ணு சொல்றாரு, நீ யார்கிட்ட யோசனை கேக்கப் போறேங்கறதுலயே என்ன பதில் வரும்னு பாதி முடிவு பண்ணிட்டேன்னு.

இத நான் தம்பிகிட்ட சொன்னப்ப ரொம்ப நேரம் பேசாம இருந்தான். அவங்க மாமாகிட்ட கேட்டா "பெத்தவள விட்டுட்டு போவியாடா"ன்னு சொல்வாருன்னு தெரியும், ஃபேக்டரி சூப்பர்வைசர்கிட்ட கேட்டா போன்னு சொல்வாருன்னும் தெரியும், அவரு பத்து வருஷம் அங்க இருந்தவரு. ரெண்டு பேர்கிட்டயும் கேக்காம எங்கிட்ட வந்திருக்கான்.

சார்த்தர் நல்லா ஒதவுற எடம் இதுதான். ரெண்டு வழி முன்னாடி நிக்குது, ரெண்டும் சரி, ரெண்டுலயும் ஒரு இழப்பு இருக்கு, முடிவ தள்ளிப் போட்டுட்டே இருக்கீங்க. அப்ப அவரு வந்து "தள்ளிப் போடறதும் ஒரு முடிவுதான்"னு சொல்லி ஒங்களப் பிடிச்சு நிறுத்துவாரு. "எங்க அம்மாவாலதான் நான் போகல"ன்னு பத்து வருஷம் கழிச்சு அந்த அம்மா மேல பாரத்த ஏத்தாம இருக்கணும்னா இது வேணும். தனக்குத்தானே சொல்லிக்கற பொய்ய அவர் மாதிரி யாரும் பிடிச்சதில்ல, சொல்ற வாக்கும் செய்யற காரியமும் ஒண்ணா இருக்கணும்னு தன் விஷயத்துலயும் பிடிவாதமா இருந்தவரு, 1964ல நோபல் பரிசு குடுத்தப்ப வேணாம்னுட்டாரு.

ஆனா வெளிய தெரியாத செலவு இருக்கு. எல்லாம் ஒன் பொறுப்புன்னு கேட்டுக்கிட்டே இருந்தா சாக்கு சொல்ல எடமே இல்லாம போயிடும். 1,700 வெள்ளி அடிப்படைச் சம்பளத்துல ரெண்டு தம்பிங்கள படிக்க வைக்கறவன் தான் நெனச்ச வாழ்க்கைய வாழ முடியலன்னா அது அவன் தேர்வு மட்டுமா? நம்ம சூழ்நிலைக்குள்ள நின்னுதான் தேர்ந்தெடுக்கறோம்னு சார்த்தரும் சொல்றாரு, ஆனா அந்தக் குரல் புத்தகத்துல மெதுவாத்தான் கேக்குது, பொறுப்புங்கறது சத்தமா கேக்குது. மனசு ஏற்கெனவே குற்ற உணர்ச்சில கெடக்கறவங்க இவர இப்போதைக்குத் தொடாதீங்க. சாவு வீட்டுக்கும் ஆகாது, அத நான் அனுபவிச்சாச்சு.

## காம்யு: தினம் தினம் அதே வேலைல இருக்கறவங்களுக்கு

எனக்கு மனசுக்கு நெருக்கமான ஆளு இவர்தான், அதனால கொஞ்சம் சாய்ஞ்சு எழுதுவேன், தெரிஞ்சுக்கிட்டே படிங்க.

ஆல்பெர் காம்யு 1913ல அல்ஜீரியாவுல பொறந்தவரு. கைப்புள்ளையா இருக்கும்போதே 1914 போர்ல அப்பா செத்துட்டாரு. அம்மா வீடு வீடா போயி கழுவித் தொடைக்கற வேலை, காது சரியா கேக்காது, எழுதப் படிக்கத் தெரியாது. லூயி ஜெர்மேன்னு ஒரு ஆரம்பப் பள்ளி வாத்தியார் அந்தப் பையன தனியா உக்கார வச்சு ஸ்காலர்ஷிப் பரீட்சைக்குத் தயார் பண்ணாரு. 1957ல நோபல் கெடச்சப்ப அம்மாவுக்கு அடுத்து அந்த வாத்தியாரத்தான் நெனச்சேன்னு அவருக்கே கடிதம் எழுதினாரு. தோட்டத் தமிழ்ப்பள்ளில படிச்சு வந்தவங்க யாருக்கும் இந்தக் கதைய வெளக்க வேண்டியதில்ல. இன்னொன்னு, தன்னை இருத்தலியல்வாதின்னு கூப்பிடறத அவர் ஒத்துக்கல, எல்லாரும் அந்தப் பட்டியல்லதான் வைக்கறாங்க, நானும் வைக்கறேன்.

அவர் சொல்றது இவ்வளவுதான். நாம அர்த்தம் கேக்கறோம், ஒலகம் பதில் சொல்ல மாட்டேங்குது. இந்தக் கேள்விக்கும் அந்த மௌனத்துக்கும் நடுவுல இருக்கறதுதான் அபத்தம். அதுக்காக செத்துப் போகவும் வேணாம், பொய்யா ஒரு பதிலக் கட்டிக்கவும் வேணாம், கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டே வாழுங்கறாரு. 1942ல வந்த புத்தகத்துல கிரேக்கக் கதை சிசிபஸ எடுக்கறாரு, தேவர்கள் குடுத்த தண்டனை, பாறைய மலை மேல உருட்டிட்டுப் போகணும், உச்சிக்குப் போனதும் அது உருண்டு கீழ வந்துடும், திரும்ப உருட்டணும், முடிவே இல்ல. காம்யு கவனிக்கறது பாறை உருண்டு போனதுக்கு அப்பறம் அவன் வெறுங்கையோட மலை எறங்கற நேரத்த. அப்ப அவனுக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சும் எறங்கறான், அந்த நேரத்துல அவன் பாறைய விடப் பலமானவன்.

பால் வெட்டு அப்படித்தான். விடியறதுக்கு முன்னாடி தலையில லைட்டக் கட்டிக்கிட்டு நெரைக்குள்ள நொழையணும், வெயில் ஏற ஏற பால் ஓடறது கொறஞ்சுடும். நேத்து வெட்டுன கோட்டுக்குக் கீழ ஒரு சன்னமான சீவல், அதுக்கு மேல ஆழமா போனா மரத்துல காயம் பட்டு பட்ட சரியா வளராது, மண்டோர் (கங்காணி) பாத்தா கத்துவாரு. காஞ்சு போன கோட்டுப்பால இழுத்து எடுக்கணும், பால் வடியற மங்க (கிண்ணத்த) நிமித்தி வைக்கணும், அடுத்த மரம். மழை பேஞ்சு பட்ட நனைஞ்சா அன்னிக்கு வெட்டு இல்ல. பால் எடுத்துக் கொட்டினா மங்கு காலி, மறுபடி அதே நெரை. அப்பா இத சொல்லும்போது மொகத்துல சலிப்பு இருக்காது. ஒவ்வொரு மரத்தையும் தனியா ஞாபகம் வச்சிருக்காரு, எது பால் கொறைவா குடுக்கும், எதோட பட்ட மொரடுன்னு. அந்தப் பாறையோட ஒவ்வொரு துகளும் ஒரு ஒலகம்னுதான் காம்யுவும் சிசிபஸப் பத்தி எழுதறாரு.

வள்ளுவர் தெய்வத்தால ஆகாட்டியும் முயற்சி மெய்வருத்தக் கூலி தரும்னு சொல்லிட்டாரு. காம்யு ஒரு படி கீழ எறங்கி நிக்கறாரு, கூலி கெடைக்கும்னு உறுதி தர மாட்டாரு, கூலி இல்லாட்டியும் நீ முழுசா இருக்கலாங்கறாரு.

ஒரு ஞாயித்துக்கிழமை இந்தக் கதைய அப்பாகிட்ட சொன்னேன். முழுசா கேட்டுட்டு ஒரே கேள்வி கேட்டாரு. "அந்தக் கல்ல உருட்டச் சொன்ன தொர யாரு?"

நான் பன்னெண்டு வருஷத்துல கேக்காத கேள்வி. பாறைக்காரன் சந்தோஷமா இருக்கான்னு நெனச்சுக்கறது தொரைக்கும் வசதிதானே. காம்யு வழியோட மறைஞ்ச செலவு இதுதான், ஒழுங்கா படிக்கலன்னா அநியாயத்துக்குப் பழகிப் போயிடுவோம், ஓவர்டைம் காசு குடுக்காத முதலாளி கிட்டயும் "பாறைதானே"ன்னு போயிட்டு வந்துடுவோம். அதனாலதான் அந்த அஞ்சாவது அளவு. இவர எடுக்கறவங்க சிசிபஸோட நிக்கக் கூடாது, 1951ல வந்த கிளர்ச்சி பத்தின புத்தகத்துக்கும் போகணும். அங்க ஒரு அடிமை ஒரு நாள் இனி முடியாதுங்கறான், அந்த முடியாதுங்கறதுக்குள்ள தன்னோட மதிப்பு மட்டும் இல்ல எல்லாரோட மதிப்பும் இருக்குன்னு கண்டுக்கறான்.

நம்ம ஊர் வரலாற்றுலயே அது நடந்திருக்கு. 1941ல கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளிங்க வேலைநிறுத்தம் செஞ்சப்ப சம்பளத்த மட்டும் கேக்கல. தொரையோ பெரிய உத்தியோகஸ்தரோ எதிர்ல வந்தா சைக்கிள விட்டு எறங்கி நிக்கணுங்கற வழக்கம் இருந்துச்சு, அத நிறுத்தணும்னும் கேட்டாங்க. அந்தச் சைக்கிள் சமாசாரத்துல ஒரு காசு லாபம் இல்ல. எறங்காம போறதுல ஒரு மனுசனுக்கு என்ன கெடைக்குமோ அதத்தான் கேட்டாங்க.

ஷிப்ட் வேலை, பாம் ஆயில் மில், கேஷியர் கவுண்டர், வயசான அப்பா அம்மாவப் பாத்துக்கறது, இப்படி நேத்து மாதிரியே இன்னிக்கும் இருக்கறவங்களுக்கு காலை நாலு மணி சோதனைல தேர்றது இவர்தான். சாமிய அவர் ஏத்துக்கல, அதனால பக்தி உள்ளவங்களுக்கு பாதி தூரம்தான் கூட வருவாரு. தமிழ்ல ஆரம்பிக்கணும்னா வெ. ஸ்ரீராம் நேரா ஃப்ரெஞ்சுலேருந்து பெயர்த்த அந்நியன் இருக்கு, ஆனா ஆறுதல் தேடி அதப் படிக்காதீங்க, அது ஆறுதல் புத்தகம் இல்ல.

ஒண்ணு கட்டாயம் சொல்லணும். வாழறது தகுமாங்கற கேள்விலதான் சிசிபஸ் புத்தகமே ஆரம்பிக்குது. அந்தக் கேள்வி ஒங்களுக்கு புத்தகக் கேள்வியா இல்லாம நெசமாவே ராத்திரில வருதுன்னா புத்தகத்த மூடுங்க, மனசு ஒடஞ்சவங்க பேசறத கேக்கற பிஃப்ரெண்டர்ஸ் அமைப்புக்கு போன் பண்ணுங்க, 03-7627 2929, எந்நேரமும் எடுப்பாங்க. போலீஸ் கேஸ் ஆயிடும்னு இன்னும் பயப்படறவங்க நம்ம ஊர்ல இருக்காங்க, தற்கொலை முயற்சிய குற்றமாக்குன 309ஆவது சட்டப் பிரிவ நீக்க 2023ல நாடாளுமன்றமே முடிவு பண்ணிடுச்சு. தைரியமா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

## கீர்க்ககார்டு: சாமிய விட முடியாதவங்களுக்கு

இருத்தலியல்னா நாத்திகம்னு நெனச்சு ஒதுங்கிப் போற பக்தர்கள் நெறைய. ஆனா இதுக்கெல்லாம் மூத்தவரே பக்தர்தான். சோரன் கீர்க்ககார்டு, கோப்பன்ஹேகன்காரர், 1813லேருந்து 1855 வரைக்கும் நாப்பத்திரண்டு வருஷ வாழ்க்கை. அவர் சண்டை போட்டது நாத்திகர்களோட இல்ல, பொறந்ததாலேயே நாங்க கிறிஸ்தவங்கன்னு சொல்லிட்டு ஞாயித்துக்கிழமை மட்டும் சர்ச்சுக்குப் போனவங்களோட. நம்பிக்கைங்கறது பரம்பரையா வர்றதில்ல, ஒவ்வொருத்தரும் தனியா நின்னு, நிரூபணம் எதுவும் கையில இல்லாம, தாண்ட வேண்டிய ஒரு தாண்டல்னாரு.

ஈப்போ கல்லுமலைக்கு தைப்பூசத்துக்கு எங்க சித்தப்பா பதினெட்டு வருஷமா காவடி எடுக்கறாரு. பக்கத்துல ட்ரம் அடிச்சு வீடியோ எடுத்து போடறவங்க ஆயிரம் பேர் இருப்பாங்க, அவரு யார் கூடவும் பேசாம பால்குடத்தோட நடக்கறவங்க பின்னாடியே போயிட்டு வந்துடுவாரு. எதுக்கு எடுக்கறீங்கன்னு ஒரு தடவை கேட்டேன், "அது எனக்கும் அவனுக்கும் இருக்கற பேச்சும்மா"ன்னாரு. கீர்க்ககார்டு இவர்கிட்ட உக்காந்து பேசியிருப்பாரு.

1843ல வந்த அச்சமும் நடுக்கமும்ங்கற புத்தகத்துல ஆபிரகாம் கதை, கடவுள் கேட்டாருன்னு பெத்த மகன பலி குடுக்க மலைக்குக் கூட்டிட்டுப் போற அப்பா. நமக்கு இது புதுசா? பெரியபுராணத்துல சிறுத்தொண்டர் கதையக் கேட்டு வளந்தவங்க நாம, பைரவ அடியாருக்காக சீராளன கறியாக்குன வீடு. ஆனா ரெண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. சிறுத்தொண்டர் பக்கத்துல மனைவி இருக்காங்க, அந்தக் கொடுமைய ரெண்டு பேரும் சேந்து சொமக்கறாங்க. ஆபிரகாம் யார்கிட்டயும் சொல்ல முடியாது, மனைவி சாராகிட்ட கூட. கீர்க்ககார்டுக்கு நம்பிக்கைன்னா அந்தத் தனிமைதான்.

மறைஞ்ச செலவும் அங்கயே இருக்கு. உள்ள கேட்டது சாமியோட குரலா, பயத்தோட குரலா, இல்ல காசு புடுங்கற சாமியாரோட குரலான்னு யாரு பாத்து சொல்றது? அந்தரங்கம்னு சொல்லிட்டா யாரும் கேள்வி கேக்க முடியாது, நம்ம பக்கம் எத்தன குடும்பம் இப்படி ஈபிஎஃப் (ஓய்வுகாலச் சேமிப்பு) காச எடுத்துக் குடுத்துட்டு நிக்குது. கூட இருக்கறவங்களும் வெல குடுப்பாங்க, அவரே 1841ல ரெகினே ஓல்சனோட நிச்சயத்த முறிச்சாரு, அந்தப் பொண்ணு என்ன பாடுபட்டிருக்கும்னு எனக்கு எப்பவும் தோணும். வீட்டு அளவுல இவருக்கு நான் கொறஞ்ச மார்க்குதான் போடுவேன். ஆனா கோயிலுக்குப் போறீங்க, போயும் உள்ள வெறுமையா இருக்கு, பழக்கத்துக்குத்தான் கும்பிடறோமோன்னு உறுத்துதுன்னா, இவர விட்டா ஆளு இல்ல.

## ஃப்ராங்கல்: எழவு விழுந்த வீட்டுக்கு

விக்டர் ஃப்ராங்கல் வியன்னாக்காரர், மனநல டாக்டர், 1905லேருந்து 1997 வரைக்கும். தத்துவக்காரங்க இவர இருத்தலியல் பட்டியல்ல சேக்க யோசிப்பாங்க, எனக்கு அந்த வழக்கு வேணாம். 1942ல நாஜிங்க குடும்பத்தோட பிடிச்சிட்டுப் போனாங்க. அப்பா, அம்மா, அண்ணன், கட்டுன மனைவி எல்லாம் வதை முகாம்கள்லயே போயிட்டாங்க, இவர் ஆஷ்விட்ஸ் முகாமையும் தாண்டி வெளிய வந்து 1946ல எழுதின சின்னப் புத்தகம்தான் ஒலகம் பூரா படிக்கறது. அர்த்தம் மூணு வழியா வரும்னாரு: நாம செய்யற ஒரு வேலையால, நாம நேசிக்கற ஒருத்தரால, இது ரெண்டும் இல்லாம போனாலும் தவிர்க்க முடியாத துன்பத்த நாம எதிர்கொள்ற விதத்தால.

அவர்கிட்ட வயசான டாக்டர் ஒருத்தர் வர்றாரு, மனைவி செத்து ரெண்டு வருஷம் ஆகியும் மீள முடியல. ஃப்ராங்கல் ஆறுதல் சொல்லல, ஒரு கேள்வி கேக்கறாரு, நீங்க முன்னாடி போயி அவங்க இருந்திருந்தா? ஐயோ அவ தாங்கியிருக்க மாட்டாளேங்கறாரு. அப்ப அந்த வேதனைய நீங்க அவங்களுக்கு இல்லாம பண்ணிட்டீங்க, அதுக்கு வெலையா நீங்க இருந்து அழறீங்கன்னு ஃப்ராங்கல் சொல்றாரு. மனுசன் கையக் குலுக்கிட்டு அமைதியா எந்திரிச்சுப் போயிட்டாரு.

இத அத்தைக்கு நான் சொல்லல. சொல்லணும்னு போனேன், அவங்க ரெண்டு தட்டு எடுத்து வச்சாங்க, ஒண்ணு எனக்கு. நான் பேசாம உக்காந்து சாப்பிட்டேன். நாலு நாள் கழிச்சு அவங்களே "நான் முன்ன போயிருந்தா அந்த மனுசனுக்கு ஒரு தண்ணி கூட சுட வைக்கத் தெரியாதேம்மா"ன்னாங்க. ஃப்ராங்கல் கேள்வி அவங்களுக்குத் தானா வந்திருந்துச்சு.

இந்த வழியோட பெரிய ஆபத்தே அடுத்தவங்க துன்பத்துக்கு நாம அர்த்தம் சொல்றது. "எல்லாம் ஒரு காரணத்துக்குத்தான்"னு எழவு வீட்ல சொல்றவங்க ஃப்ராங்கல படிக்காதவங்க. அர்த்தத்த அவங்கவங்கதான் கண்டுக்கணும்னு அவர் தெளிவா சொல்றாரு, தவிர்க்கக்கூடிய துன்பம்னா முதல்ல காரணத்த நீக்கு, வீணா தாங்கறது வீரம் இல்லன்னும் சொல்றாரு.

இவரப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இன்னொன்னு ஓடும். அவர் முகாம்ல இருந்த அதே வருஷங்கள்லதான், 1942, 43ல, ஜப்பான்காரன் நம்ம தோட்டங்கள்லேருந்து ஆளுங்கள சயாம் (தாய்லாந்து) பர்மா ரயில் போட ஓட்டிட்டுப் போனான், 415 கிலோமீட்டர் தண்டவாளம். எங்க தாத்தாவோட அண்ணன் போனாரு, திரும்பல. கூடப் போயி வந்தவங்க ரொம்ப நாள் பேசவே இல்லையாம். அந்தக் காட்டுக்குள்ள அவங்க எதப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு நாளையும் கடந்தாங்கன்னு எழுதி வைக்க ஒரு ஃப்ராங்கல் நமக்கு இல்லாம போயிட்டாரு. வயசானவங்க வீட்ல இருந்தா இப்பவே உக்காந்து கேளுங்க.

## பொவ்வார்: சேத்து வச்சுக்க வேண்டியவங்க

சிமோன் தெ பொவ்வார், சார்த்தர் கூடவே இருந்த ஃப்ரெஞ்சு எழுத்தாளர், அவங்கள தனி வழியா வைக்கறத விட சார்த்தரோட கட்டாயம் சேத்துப் படிக்கணும்னு சொல்வேன். 1947ல எழுதின அறம் பத்தின புத்தகத்துல, என் சுதந்திரத்த நான் வேணும்னா அடுத்தவங்க சுதந்திரத்தையும் நான் வேணும்னு ஆகணும்னாங்க. 1949ல பெண்களப் பத்தி எழுதின பெரிய புத்தகம் ஒலகத்தையே பொரட்டிச்சு. எல்லாருக்கும் சுதந்திரம் இருக்குன்னு சொல்றது சுலபம், வெளிய போற கதவு ஒவ்வொருத்தருக்கும் ஒரே அளவுல தொறந்திருக்கல. எங்கம்மா மூணு மணிக்கு எந்திரிச்சு சோறாக்கி, என்னை ஆயாக் கொட்டகையில விட்டுட்டு அப்பாவுக்குச் சமமா நெரை பிடிச்சு வெட்டிட்டு, வந்து மறுபடி அடுப்புக்குப் போவாங்க. குடியுரிமை இல்லாதவங்களுக்குத் தர்ற செவப்பு ஐசியோட (அடையாள அட்டையோட) அறுவது வருஷம் வாழ்ந்த பாட்டிங்க நம்ம ஊர்ல இருக்காங்க, ஓட்டுப் போட முடியாது. அவங்ககிட்ட நீங்க தேர்ந்தெடுத்த வாழ்க்கைதான் இதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

செலவுன்னா, இந்த வழி மெதுவா போகும், ஆளு சேரணும், தனியா ராத்திரில படிச்சு முடிச்சுடற விஷயம் இல்ல.

ஜெர்மன் தத்துவக்காரர் நீட்சேவ ஏன் விட்டேன்னு கேப்பீங்க. இதே வாழ்க்கை இப்படியே திரும்பத் திரும்ப வந்தா ஒத்துக்குவியாங்கற அவரோட கேள்வி பெருசுதான், ஆனா கஷ்டத்துல இருக்கறவங்க கையில குடுத்தா நெருப்பு மாதிரி சுடும். மனசு தெம்பா இருக்கும்போது எடுங்க.

## ரெண்டு பேர சேத்து வச்சுக்கலாமா

சில ஜோடி சேரும், சில ஜோடி சேராது. காம்யுவையும் கீர்க்ககார்டையும் ஒரே நேரத்துல பிடிச்சா இழுபறிதான், அந்தத் தாண்டலையே காம்யு தத்துவத் தற்கொலைன்னு எழுதியிருக்காரு, பதில் இல்லாத எடத்துல கடவுள வச்சு மூடறதுன்னு. பக்தியோட ஃப்ராங்கல் நல்லா சேருவாரு, பக்தி இல்லாமலும் நிப்பாரு. சார்த்தர் கூட பொவ்வார் இல்லாட்டி வீட்டுக்குள்ள சண்டைதான் வரும், பாத்துட்டேன்.

தம்பிக்கு நான் சார்த்தர சொன்னேன், பொவ்வாரோட சேத்து. முடிவ அவன் இன்னும் சொல்லல, ஆனா "அம்மாகிட்டயே கேட்டேன் அக்கா, இதுவரைக்கும் கேட்டதே இல்ல"ன்னான். அவங்க போன்னு சொல்லலயாம், போகாதன்னும் சொல்லலயாம், காலைல யாரு வந்து கூப்பிடுவான்னு மட்டும் கேட்டாங்களாம். சென்டர்ல அவங்களுக்கு முதல் ஷிப்டு, அஞ்சரைக்கு வேன் வரும், அஞ்சு மணிக்காவது யாராச்சும் பக்கத்துல இருக்கணும், இருட்டுல படி எறங்கப் பயம்.

இத நான் வீட்ல சும்மா பேசிட்டிருந்தேன், அப்பா காது குடுத்துக் கேட்டிருக்காரு. போன சனிக்கிழமை நாலு மணிக்கு எந்திரிச்சவரு வாசல்ல உக்காரல, ஃப்ளாஸ்க்ல கோப்பி ஊத்திக்கிட்டு, பழைய தலை லைட்ட எங்கேருந்தோ தேடி எடுத்து பேட்டரி போட்டுக் கட்டிக்கிட்டு, அந்த நாலு வீட்டத் தாண்டி நடந்து போனாரு. நான் ஜன்னல்லேருந்து பாத்தேன். அவர் கதவத் தட்டறதுக்கு முன்னாடியே உள்ள லைட்டு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு.